மனநிறைவுக்குச் சம்பளப் பிடித்தமா?



பிள்ளைகளைப் பெற்றவர்கள் பலரும் மனத்துக்குள் கேட்டுக்கொண்டு, வெளியே சொல்லத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. உள்ளத்துக்கு உகந்த வேலையில் வருமானம் குறைவு; வருமானம் மிகுந்த வேலையில் உள்ளம் ஒட்டவில்லை. ஒற்றை ஆளாய் இருந்தவரை இதில் குழப்பம் இல்லை. அரை வயிற்றுடன் படுத்தாலும் அது நம் வயிறு. நம்மை நம்பிப் பிள்ளைகள் காத்திருக்கும்போது எதை எடுப்பது, எதை விடுவது?

மேடைகளில் இதற்கு ஒரு விடை கிடைக்கிறது: பணம் வரும், போகும், மனநிறைவே நிலையான செல்வம். உறவினர் வீட்டுத் திண்ணையில் வேறொரு விடை கிடைக்கிறது: மனநிறைவைக் கொடுத்தால் மளிகைக் கடைக்காரர் பருப்புத் தருவாரா? இரண்டுக்கும் தலையசைத்தவன் நான். கலைக் கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாக விருத்தாசலத்தில் மதரஸா மாணவர்களுக்குத் தமிழும் ஆங்கிலமும் கணக்கும் வரலாறும் கற்பித்து வருகிறேன். இடையில் மூன்றாண்டுகள் மட்டும் வேறு வேலையில் இருந்தேன். இந்தக் கேள்வி என் வாழ்வில் இருமுறை வந்தது. முதன்முறை சம்பளத்தைத் தேர்ந்தேன்; இரண்டாம் முறை பிடித்த வேலையைத் தேர்ந்தேன். இரண்டு முறையும் சரியானதையே செய்தேன் என்று இன்றும் நம்புகிறேன். ஒரே மனிதனுக்கு இரு வேறு விடைகள் எப்படிச் சரியாகும் என்று நீங்கள் கேட்கலாம். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

தாயின் கவலையும் ஆசிரியரின் பொருளும்

நம் வரலாற்றில் நன்கறியப்பட்ட ஒரு செய்தியிலிருந்து தொடங்குகிறேன். கூஃபா நகரில் வாழ்ந்து, ஹிஜ்ரி 150-இல், அதாவது கி.பி. 767-இல், மறைந்த இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் மார்க்கச் சட்ட மேதை மட்டுமல்லர். துணி வணிகரும் ஆவார். அவரிடம் பாடம் கேட்க வந்த ஏழைச் சிறுவர்களுள் ஒருவர் யஃகூப். வீட்டில் வறுமை. துணி வெளுப்பவரிடம் வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுவர், வேலையை விட்டுவிட்டுப் பாட வட்டத்தில் போய் அமர்ந்துவிடுவார். ஒருநாள் தாயார் அங்கேயே வந்து, தந்தையற்ற பிள்ளையின் பிழைப்பைக் கெடுக்கிறீர்களே என்று ஆசிரியரிடம் முறையிட்டாராம். தடுத்தவர் தந்தை என்று சொல்லும் அறிவிப்பும் உண்டு. எவராயினும், அச்சிறுவர் கற்பதைக் கைவிடவில்லை. பிற்காலத்தில் இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) என்ற பெயரில், கலீஃபா ஹாரூன் ரஷீதின் காலத்தில் தலைமை நீதிபதியாகத் திகழ்ந்தார். வரிவிதிப்பைப் பற்றி அவர் எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ இன்றும் ஆய்வாளர் கைகளில் இருக்கிறது.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போது பலர் அந்தத் தாயைக் கல்வியின் அருமை அறியாதவராகக் காட்டிவிடுகின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. நூல் நூற்றுப் பிள்ளையை வளர்த்த ஒரு பெண், அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி கேட்டார். அவர் கேட்டது நியாயம். ஆசிரியரோ அவருக்கு நீண்ட உபதேசம் செய்து அனுப்பிவிடவில்லை. அந்தப் பிள்ளையின் செலவைத் தாமே ஏற்றார். யஃகூப் தமக்குப் பிடித்த வழியில் சென்றார் என்றால், அவ்வழியின் செலவை ஒருவர் தம் வணிக வருவாயிலிருந்து கொடுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே இமாம் அபூ ஹனீஃபா அவர்கள் கலீஃபா அளித்த நீதிபதிப் பதவியை ஏற்க மறுத்துச் சிறை புகுந்ததைப் போற்றுகிறோம். பதவியின் சம்பளத்தை எதிர்பார்த்து வாழும் நிலையில் அவர் இல்லை என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

நம் தமிழகத்திலும் சான்று உண்டு. டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படிக்க இடம் பெற்றபோது, சேர்க்கைக்குத் தேவைப்பட்ட சுமார் 1,000 ரூபாய் இராமேசுவரத்து வீட்டில் இல்லை. அவருடைய சகோதரி ஜோஹரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். 1958-இல் அரசுப் பணியில் சேர்ந்தபோது கலாமின் அடிப்படைச் சம்பளம் 250 ரூபாய். அவர் இறுதிவரை மணம் புரியவில்லை. ஆகவே பிள்ளை குட்டிக்காரர்களாகிய நாம் அவருடைய துணிவைப் போற்றலாம். ஆனால் அவர் கணக்கு வேறு, நம் கணக்கு வேறு.

பீங்கான் ஊரில் மூன்று ஆண்டுகள்

எங்கள் விருத்தாசலத்தைப் பழமலைநாதர் கோயிலாலும், விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் பாதைகள் கூடும் ரயில் சந்திப்பாலும் அறிந்தவர்கள் பலர். இவ்வூருக்குப் பீங்கான் நகரம் என்றும் பெயர். இங்கே பீங்கான் தொழிற்பேட்டை உண்டு. அத்தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் உண்டு. பொம்மைகள், அகல் விளக்குகள், மின்சாரப் பியூஸ் கேரியர்கள் முதலானவை இவ்வூர்ச் சூளைகளிலிருந்து சென்றவை.

2008-ஆம் ஆண்டு என் மூத்த மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்தாள். பல நாள் மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். மனைவியின் வளையல்கள் விற்பனைக்குப் போயின. மீதித் தொகையை உறவினர்களிடம் கைமாற்றாக வாங்கினோம். அப்போது மதரஸாவில் என் மாதச் சம்பளம் 3,000 ரூபாய். அதில் வாடகையும் பாலும் மருந்தும் போகக் கடனுக்கு ஒதுக்க ஒன்றும் எஞ்சவில்லை. பீங்கான் தொழிற்கூடம் ஒன்றில் கணக்கெழுத ஆள் தேடினர், இருமடங்கு ஊதியம். உஸ்தாதிடம் நிலைமையைச் சொல்லி, துஆ கேட்டு, விடை பெற்றுக்கொண்டேன். மூன்று ஆண்டுகள் அங்கே வேலை செய்தேன்.

எனக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் அங்கே ஒன்று கற்றேன். மனநிறைவு என்பது ஆசிரியர்களுக்கும் ஆலிம்களுக்கும் மட்டும் எழுதி வைக்கப்பட்டதன்று. களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச, சுவரைப் போல் ஓரத்தில் மண் படியும். வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். பின்னர் உலர்த்தல், சீவல், மெருகு, சூளை. சூளையிலிருந்து இறக்கிய உருப்படியை ஒரு பெரியவர் விரலால் சுண்டிப் பார்ப்பார். வெடிப்பில்லாத பீங்கான் கணீரென்று ஒலிக்கும். உள்ளே கீறல் இருந்தால் ஓசை மழுங்கும். கணீரென்ற ஓசை கேட்டதும் அவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சியை, மாணவன் ஒருவன் முதன்முதலாகப் பிழையின்றி வாசிக்கும்போது என் முகத்திலும் பிறர் கண்டிருக்கக்கூடும்.

அந்தப் பெரியவருக்கு எண்ணிக்கைக் கூலி. மழைக்காலத்தில் உருப்படிகள் உலரத் தாமதமானால் கூலியும் தாமதமாகும். மண் தூசியை ஆண்டுக் கணக்கில் சுவாசிப்பது நுரையீரலைக் கெடுக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். தம் மகனை அந்த வேலைப் பக்கமே அவர் வரவிடவில்லை. “தம்பி, இந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். அதுக்காக என் புள்ளையும் இதைத்தான் கேக்கணுமா?” என்றார். தம் தொழிலை நேசித்துக்கொண்டே, அதைத் தம் மகனுக்குக் கொடுக்க மறுத்தார். அந்தச் சொல் என்னுடன் தங்கிவிட்டது.

கடன் முழுவதும் அடைந்த மாதத்தில் மதரஸாவுக்குத் திரும்பினேன். மகள் ஓடியாடத் தொடங்கியிருந்தாள்.

கடல் கடந்த அழைப்பு

இரண்டாம் முறை கேள்வி வந்தது 2017-இல். அதற்குள் ஒரு மகனும் பிறந்திருந்தான். ஷார்ஜாவில் மளிகை மொத்த வணிகம் செய்யும் இடத்தில் கிட்டங்கிக் கணக்குப் பார்க்கும் வேலை. உறவினர் ஒருவர் விசாவுக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். மதரஸாவில் வாங்கியதைப் போல் மூன்று பங்கு சம்பளம். இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுமுறை.

பயணம் போன சகோதரர்களைக் குறை கூற எனக்கு உரிமை இல்லை. 2015-இல் நடந்த தமிழ்நாடு குடிபெயர்வு ஆய்வு, சுமார் 22 லட்சம் தமிழகத்தார் வெளிநாடுகளில் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களுள் எத்தனை பேர் தங்கையின் நிக்காஹுக்காகவும் தந்தையின் மருத்துவத்துக்காகவும் சென்றவர்கள் என்பதை ஒவ்வொரு மஹல்லாவும் அறியும். எங்கள் மதரஸாவுக்கு வரும் நன்கொடையில் ஒரு பகுதி அவர்கள் அனுப்புவது. ஆகவே நான் ஊரில் இருந்து பிடித்த வேலையைச் செய்வதற்கு, பிடிக்காத வேலையை வெயிலில் நின்று செய்யும் யாரோ ஒரு சகோதரரின் வியர்வையும் உதவுகிறது. இதை மறந்துவிட்டு, பணத்துக்காக ஊரை விட்டார்கள் என்று பேசுவது நன்றி கெட்ட செயல்.

ஆயினும் என் வகுப்பில் அவர்களுடைய பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். விடுமுறையில் வந்த தந்தை மதரஸா வாசலில் நின்று கையை நீட்டும்போது, அருகே செல்லலாமா என்று என்னைத் திரும்பிப் பார்த்த சிறுவன் உண்டு. தந்தையின் தியாகத்தை அவன் அறிவான், தந்தையை அறியான்.

நானும் மனைவியும் ஓர் இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கடன் இல்லை. வாடகை கொடுக்க முடிகிறது. பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள். அவளுடைய தையல் வருமானம் துணைக்கு இருக்கிறது. எதிர்பாராத நோய்க்கென்று சிறு தொகையும் இருக்கிறது. ஷார்ஜா சென்றால் சொந்த வீடு விரைவில் கிடைக்கும். சொந்த வீடு சிறிய ஆசை அன்று. அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: “என்னங்க, புள்ளைங்களுக்குக் குறை இருந்தா, நானே போயிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன். குறை இல்லாதப்ப எதுக்குப் போறோம்னு நாம சொல்லத் தெரியணும்ல?” நாங்கள் இருவருமே அதற்கு விடை சொல்ல முயன்றோம், கிடைக்கவில்லை. நான் போகவில்லை. இன்றும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். அதன் விலை இதுவென்று தெரிந்தே கொடுத்தோம்.

எல்லைக் கோடு எங்கே?

இப்போது முதற்கேள்விக்கு வருகிறேன். பிள்ளைக்கு உணவும் உடையும் உறைவிடமும் மருத்துவமும் கல்வியும் தருவது நாம் காட்டும் கருணை அன்று; அது பிள்ளையின் உரிமை. மார்க்கம் இதை நஃபகா என்கிறது. தந்தை தன் வசதிக்கேற்ப இப்பொறுப்பைச் சுமக்க வேண்டும் என்பதை அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனத்திலிருந்து மார்க்க அறிஞர்கள் விளக்குவர். எனவே பிள்ளையின் தட்டில் இருக்க வேண்டியதை எடுத்து என் மனநிறைவுக்கு விலையாகக் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை, ஹலாலான எந்த வேலையும் நல்ல வேலையே. 2008-இல் பீங்கான் கணக்கு எனக்கு அத்தகைய வேலை.

கோட்டுக்கு மேலே வந்த பின் கதை மாறுகிறது. அதற்குப் பின் வரும் ஒவ்வொரு ரூபாயும், எதைக் கொடுத்து வாங்கப்படுகிறது என்று கேட்க வேண்டிய ரூபாய். மாலையில் பிள்ளையுடன் உட்காரும் நேரமா, உடல் நலமா, எரிச்சலில்லாத முகமா? இவையும் பிள்ளைக்கு உரியவையே.

பொருளாதாரத்தில் நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் இருவரும் 2010-இல் அமெரிக்க மக்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆண்டுக்கு 75,000 டாலர் அளவுக்கு மேல் வருமானம் உயர்ந்தாலும் அன்றாட மகிழ்ச்சி அவ்வளவாக உயர்வதில்லை என்ற அதன் முடிவு உலகெங்கும் பரவியது. 2023-இல் கானமனே மற்றவர்களுடன் சேர்ந்து மீண்டும் ஆராய்ந்தபோது, பெரும்பாலோருக்கு அதற்கு மேலும் மகிழ்ச்சி கூடவே செய்கிறது என்று திருத்திக்கொண்டார். பணம் போதும் என்று உபதேசிப்பவர்கள் முன்னதை மட்டும் சொல்வார்கள். இரண்டையும் சொல்வதே நேர்மை. 2010 ஆய்வின் இன்னொரு முடிவு அதிகம் பேசப்படவில்லை: நோய், மணமுறிவு போன்ற துன்பங்கள் வறியவரைக் கூடுதலாக வருத்துகின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு கடனையும் எண்ணிக்கொண்டிருந்த எனக்கு இதை எந்த ஆய்வும் சொல்லத் தேவையில்லை.

சேவைக்குச் சம்பளம் எதற்கு?

இதுவரை சொன்னது பெற்றோர் பக்கம். வேலை கொடுப்பவர் பக்கமும் ஒன்று உண்டு. ஷார்ஜாவை வேண்டாம் என்று சொன்ன சில மாதங்களுக்குப் பின், நிர்வாகத்திடம் சம்பள உயர்வு கேட்டேன். “இது சேவையல்லவா? உங்களுக்கு இதில் கிடைக்கும் மனநிறைவு வேறெங்கே கிடைக்கும்? கூலி மறுமையில் கிடைக்கும்” என்று ஒருவர் புன்னகையுடன் சொன்னார். நல்லெண்ணத்துடன்தான் சொன்னார். மறுமைக் கூலியை நானும் நம்புகிறேன். ஆனால் அதை வழங்குபவன் அல்லாஹ். அதை நிர்வாகம் தன் வரவு செலவில் எனக்குக் கொடுத்ததாக எழுதிக்கொள்ள முடியாது.

இதே வாதம் நாட்டின் உச்சநீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. பள்ளிவாசல் இமாம்களுக்கு ஊதியம் கோரி அகில இந்திய இமாம் அமைப்பு வழக்குத் தொடுத்தது. இமாமத் என்பது மார்க்கக் கடமை, விரும்பிச் செய்யும் தொண்டு, எனவே சம்பளம் தரும் பொறுப்பு தங்களுக்கு இல்லை என்ற வகையில் வக்ஃப் வாரியங்கள் வாதிட்டன. 1993 மே மாதம் வந்த தீர்ப்பு இதை ஏற்கவில்லை. தொண்டு என்பதாலேயே ஒரு மனிதனின் கண்ணியமான வாழ்வுரிமை இல்லாமல் போகாது என்றும், நிதி நெருக்கடி அவ்வுரிமைக்கு மேலானதாகாது என்றும் கருதிய நீதிமன்றம், ஊதியத் திட்டம் ஒன்றை வகுக்குமாறு பணித்தது.

அரசுத் திட்டங்களிலும் பாடம் உண்டு. மதரஸாக்களில் அறிவியல், கணிதம் போன்ற பாடங்களைக் கற்பிக்கும் பட்டதாரிகளுக்கு மாதம் 6,000 ரூபாயும், கூடுதல் தகுதியுடையோருக்கு 12,000 ரூபாயும் மத்திய அரசின் திட்டம் ஒன்று வழங்கிவந்தது. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் இதை நம்பியிருந்தனர். தொகை பல ஆண்டுகள் நிலுவையில் நின்றது. திட்டமும் 2022 மார்ச்சுடன் முடிவுற்றது. என்னைப் போன்ற பட்டதாரிகள்தாம் அவர்களும். பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில் அவர்களுக்கு நிறைவு இல்லாமலா இருந்திருக்கும்? நிறைவு இருந்தும், வீட்டில் தங்கள் பிள்ளைகளுக்கு என்ன விடை சொல்லியிருப்பார்கள்?

வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள்

பெற்றோராகிய உங்களுக்கு முதலாவது. இந்தக் கேள்வியைத் தனியாகச் சுமக்காதீர்கள். கணவனும் மனைவியும் ஒரு தாளை எடுத்து, பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டியவற்றை எழுதுங்கள். அந்தத் தொகை வரும்வரை சம்பளத்தைத் தேடுங்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. அதற்கு மேல் வருவது எதன் விலையில் வருகிறது என்று இருவரும் சேர்ந்து கேளுங்கள். சில ஆண்டுகளுக்கொருமுறை தாளைத் திரும்ப எடுங்கள். பிள்ளை வளர வளரக் கோடும் நகரும். என் மகள் இப்போது கல்லூரி வாசலில் நிற்கிறாள். எங்கள் தாளில் புதிய வரிகள் ஏறியிருக்கின்றன. அதனால் காலையில் மதரஸா, பிற்பகலில் ஒரு கடையின் கணக்கு என்று இவ்வாண்டு முதல் என் நாளைப் பிரித்திருக்கிறேன். அவளும் ஆசிரியையாக வேண்டும் என்கிறாள். “அத்தா, உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டாள். முழுச் சம்மதம் என்றேன். வேலைக்குச் சேரும் நாளில் சம்பளம் எவ்வளவு என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும் என்றும் சொன்னேன்.

மஹல்லா நிர்வாகிகளுக்கும் ஜமாஅத்தார்க்கும் இரண்டாவது. உங்கள் பிள்ளைக்கு ஓதிக்கொடுப்பவர் மனநிறைவுடன் இருக்கிறாரா என்று பார்ப்பதற்கு முன், அவர் வீட்டு வாடகை எவ்வளவு, அவர் பிள்ளை எங்கே படிக்கிறது என்று கேளுங்கள். தமிழகத்தில் உலமாக்கள் மற்றும் பணியாளர்களுக்கென 2009-இல் நலவாரியம் அமைக்கப்பட்டது; பிள்ளைகளின் கல்விக்கும் திருமணத்துக்கும் விபத்துக்கும் அதன் வழியே உதவி கிடைக்கிறது. உங்கள் இமாமும் முஅத்தினும் மதரஸா ஆசிரியரும் அதில் பதிவு செய்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். செய்யவில்லையெனில் விண்ணப்பத்தை நிரப்பி உதவுங்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசலுக்குப் புதிய ஓடு பதிப்பதைப் பற்றிப் பேச்சு எழும்போது, ஆசிரியரின் சம்பளம் கடைசியாக எந்த ஆண்டில் உயர்ந்தது என்று ஒருவர் எழுந்து கேட்கட்டும். அந்த ஒருவர் இதை வாசிக்கும் நீங்களாக இருங்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஹலாலான உணவையும், அதை மலர்ந்த முகத்துடன் பரிமாறும் பெற்றோரையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன்.